பேதி மருந்தின் அளவை விடுங்கள், மாடு எங்கே மேய்கிறது?

கேள்வி: வியாசர்பாடியில் இரண்டு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். மூன்றாம் ஈற்று ஜெர்சி கலப்பினப் பசு, ஐந்து மாதச் சினை. காலையில் கறந்ததும் அவிழ்த்துவிட்டால் மதியம் தானாக வந்துவிடும். 9 லிட்டர் கறந்தது இப்போது 3 லிட்டர்தான். இரண்டு வாரமாக இடப்பக்க வயிறு உப்புவதும் வடிவதுமாக இருக்கிறது. சாணம் கொஞ்சமாக, கறுத்து, சளி படர்ந்து விழுகிறது. தீவனக் கடையில் குடல் அடைப்பு என்று சொல்லி பேதி உப்பும் எண்ணெயும் பசித்தூளும் கொடுத்தார்கள். ஒருமுறை ஊற்றியும் பயனில்லை. இன்னும் எவ்வளவு கொடுக்கலாம்?

பதில்: அம்மா, இனி ஒரு கரண்டிகூட வேண்டாம். சாணம் குறைந்தாலே குடல் அடைப்பு என்று சொல்லி மூன்று பொட்டலம் விற்கும் கடைக்காரர்கள்மேல் எனக்குப் பெரிய கோபம் உண்டு. மாட்டைத் தொட்டுப் பார்க்காமல் பேதிக்குக் கொடுப்பது வைத்தியமே அல்ல. நாக்கை இழுத்துப் பிடித்து ஊற்றும் எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெட்டுவிடும். அப்படிப் போன மாடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

உண்மையான குடல் அடைப்பு இப்படி இரண்டு வாரம் இழுக்காது. மாடு திடீரென்று வயிற்றை உதைத்துக்கொள்ளும், படுத்துப் படுத்து எழும். சாணம் அறவே நின்று, இரத்தம் கலந்த கரிய சளி மட்டும் வரும். அதற்கு அன்றைக்கே மருத்துவர் வேண்டும். உங்கள் பசுவின் கோளாறு முதல் வயிற்றில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே இடப்பக்கம் உள்ள பள்ளத்தில் கைமுட்டியை வைத்து அழுத்துங்கள். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை வயிறு அசைந்து கையை மேலே தள்ளும். அசைவே இல்லாமல், பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் குழி அப்படியே நின்றால் உள்ளே ஏதோ திணிந்து கிடக்கிறது.

‘தானாக வந்துவிடும்’ என்று நீங்கள் எழுதிய வரியில்தான் என் மனம் நின்றது. அந்த நான்கைந்து மணி நேரத்தில் அது என்ன தின்கிறது? பழைய சோற்றையும் காய்த்தோலையும் பையில் போட்டு முடிச்சுப் போட்டு வீசுகிறார்கள். மாட்டுக்கு முடிச்சவிழ்க்கத் தெரியாது. பையோடு விழுங்கும். அசைபோட்டுப் பொடியாக அரைபட்டதுதான் அடுத்த வயிற்றுக்குப் போகும். பிளாஸ்டிக் அரைபடாது, செரிக்காது, தங்கிவிடும். பேதி உப்பு அதை அசைக்காது, உடம்பு நீரைத்தான் இழுக்கும். பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் நம் தெருக்களில் பை குறையவில்லை.

ஒருமுறை அறுவை மேசையருகே நின்றிருந்தேன். இடப்பக்க விலாவைத் திறந்து எடுத்த கட்டி இரு கையாலும் தூக்கும் அளவு இருந்தது. பைகளும் சணல் கயிறும் ஒன்றோடொன்று முறுக்கிக் கல்லாக இறுகியிருந்தன. ஓரத்தில் பால் பாக்கெட்டின் வெட்டிய முனை ஒன்று ஒட்டியிருந்தது.

உங்கள் பசுவுக்கும் அறுவை தேவைப்படலாம். பயப்படாதீர்கள். நின்றபடியே, மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்வார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாளைக்கே கொண்டுபோங்கள். சினை என்பதை முதலிலேயே சொல்லுங்கள். அதுவரை தவிடும் புண்ணாக்கும் சோறும் வேண்டாம், கொஞ்சம் வைக்கோலும் தண்ணீரும் போதும். வயிறு மத்தளம்போல் விறைத்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால் நாளைவரை காத்திருக்காதீர்கள்.

அதன்பின் கட்டிப்போட்டே வளருங்கள். தீவனச் செலவு கூடும் என்பீர்கள். 6 லிட்டர் பால் இரண்டு வாரமாகப் போனதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். மாநகராட்சி பிடித்தால் அபராதமும் கட்டவேண்டும். பொன்னேரிப் பக்கத்து வைக்கோலை அறுவடை முடிந்ததும் மொத்தமாக வாங்கி நனையாமல் அடுக்குங்கள். நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ வைக்கோல், கிடைத்த அளவு பசும்புல், 50 கிராம் தாது உப்புக் கலவை. தாதுச் சத்துக் குறைந்த மாடுதான் துணியையும் கயிற்றையும் தேடித் தின்னும். நார் வயிற்றில் இருந்தால்தான் மாடு அசைபோடும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடாத மாட்டுக்கு எந்தப் பசித்தூளும் பால் தராது. நாற்பது ரூபாய்த் தூளுக்கு நாலு பிடி வைக்கோல் ஈடு என்று ஒவ்வொரு கொட்டிலிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டாவது மாட்டையும் ஓட்டிப்போங்கள் அம்மா. அதுவும் அதே தெருவில்தான் மேய்ந்திருக்கிறது.