ஓ.பி. நேரத்தை யார் மாற்றுவது? மருத்துவமனை இணையதளம் பற்றிய வாசகர் கேள்விகள்

கடலூர், புதுச்சேரி வாசகர்களிடமிருந்து மருத்துவமனை இணையதளப் பராமரிப்பு பற்றி வந்த கேள்விகளில் ஆறு இங்கே இடம்பெறுகின்றன. கேட்டவர்கள் அனைவரும் இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் என்பதால் பதில்களும் அதையொட்டியே இருக்கின்றன.

எங்களுடையது 60 படுக்கை கொண்ட தனியார் மருத்துவமனை. இணையதளத்தைச் செய்துகொடுத்தவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். ஒரு டாக்டரின் ஓ.பி. நேரம் மாறினால்கூட மெயில் போட்டுவிட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வரவேற்பில் ஒருவர், பி.ஆர்.ஓ., நர்சிங் அலுவலகத்தில் ஒருவர் என மூவருக்குப் பயிற்சி கொடுத்து, நாங்களே மாற்றிக்கொள்ள நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?
— வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

மூவருக்கும் வேர்ட்பிரஸ் முழுவதையும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். கடந்த ஆறு மாதத்தில் சென்னைக்கு அனுப்பிய மெயில்களை எடுத்துப் பாருங்கள். ஓ.பி. நேரம், டாக்டர் விடுப்பு, முகாம் அறிவிப்பு, தொலைபேசி எண், காப்பீட்டுத் திட்ட விவரம் என்று பெரும்பாலும் ஐந்தாறு வகைக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பொறுப்பாளரையும், அவர் விடுப்பில் போனால் பார்த்துக்கொள்ள ஒரு மாற்றாளையும் முடிவு செய்யுங்கள். அந்தந்த ஆளுக்கு அந்தந்த வேலையை மட்டும் கற்றுக்கொடுத்தால் போதும்.

அடுத்தது அனுமதி. பல இடங்களில் ஒரே 'அட்மின்' கணக்கின் பாஸ்வேர்டை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். யார் எதை மாற்றினார்கள் என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. ஆளுக்கொரு கணக்கு கட்டாயம் வேண்டும். அதிலும் வேர்ட்பிரஸில் உள்ள பொறுப்புகளில் ('ரோல்') எதைக் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம் தேவை. 'கான்ட்ரிபியூட்டர்' எழுதலாம், வெளியிட முடியாது. படமும் ஏற்ற முடியாது. அவர் எழுதியதை வேறொருவர் வெளியிட்டுவிட்டால் அதன்பின் அவரால் அதைத் திருத்தவும் முடியாது. 'ஆதர்' தன் பதிவுகளைத் தானே வெளியிடலாம். ஆனால் 'பேஜ்' (நிலையான பக்கம்) வகையில் உள்ள எதையும் தொட முடியாது. உங்கள் ஓ.பி. நேரம் அநேகமாக ஒரு பேஜில்தான் இருக்கும். அதைத் திருத்த 'எடிட்டர்' பொறுப்பு வேண்டும். அதைக் கொடுத்தால் முகப்புப் பக்கம் உட்பட எல்லாமே அவர் கைக்குப் போய்விடும்.

இதற்கு எங்கள் சிபாரிசு: சென்னைக்காரர்களிடம் கடைசியாக ஒரு வேலை வாங்குங்கள். டாக்டர் பெயர், துறை, நாள், நேரம், விடுப்புக் குறிப்பு என்று தனித்தனிக் கட்டங்கள் உள்ள ஒரு படிவமாக ஓ.பி. நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். வரவேற்பில் இருப்பவருக்கு அந்தப் படிவத்தில் மட்டும் அனுமதி கொடுத்தால், பக்கத்தின் அமைப்பை அவர் தெரியாமல் கலைத்துவிடுவார் என்ற பயம் இல்லை. பயிற்சிக்கான நேரமும் பாதியாகக் குறையும்.

பயிற்சிக்கு ஒன்றரை மணி நேர அமர்வுகள் மூன்று, வாரத்துக்கு ஒன்றாக வையுங்கள். காலை ஓ.பி. கூட்டம் கலைந்தபின், மதியம் இரண்டரை மணி வாக்கில் வைப்பது நல்லது. ஆளுக்கொரு கணினி வேண்டும். ஒருவர் செய்ய மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதில் பயன் இல்லை. உண்மையான தளத்தில் பழகாதீர்கள். அதன் நகலை வேறு முகவரியில் 'ஸ்டேஜிங்' தளமாக வைத்து, பாஸ்வேர்டு போட்டுப் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பயிற்சிக்காக எழுதிய பொய்யான ஓ.பி. நேரம் கூகுளில் வந்து நிற்கும். தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற 'டிக்' ஒன்று செட்டிங்ஸ், ரீடிங் பகுதியில் இருக்கிறது. நகலில் அதைப் போட்டுவிட்டு, பிறகு அந்த நகலையே உண்மைத் தளத்தின் மேல் ஏற்றினால் 'டிக்'கும் சேர்ந்தே வரும். சில வாரங்களில் மருத்துவமனையே கூகுள் தேடலில் காணாமல் போகும். ஏற்றியவுடன் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

முதல் அமர்வில் சொல்லிக்கொடுக்க வேண்டியது, கெட்டதைப் பழைய நிலைக்குத் திருப்புவது. ஓ.பி. அட்டவணையில் ஒரு வரிசையை வேண்டுமென்றே அழித்து 'சேவ்' செய்யச் சொல்லுங்கள். பிறகு வலப்பக்கத்தில் 'ரிவிஷன்ஸ்' (பழைய வடிவங்களின் பட்டியல்) திறந்து, முந்தைய வடிவத்தைத் தேர்ந்து மீட்கச் சொல்லுங்கள். இரண்டு முறை செய்தால் கை நடுக்கம் போய்விடும். பக்கத்தையே குப்பைக்கு அனுப்பிவிட்டாலும் 30 நாள் வரை மீட்கலாம். ஒரு விஷயத்தை முன்கூட்டியே சோதியுங்கள்: மேலே சொன்ன படிவக் கட்டங்களில் நடக்கும் மாற்றங்கள் எல்லா அமைப்பிலும் ரிவிஷனில் பதிவாவதில்லை. பதிவாகும்படி செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

இரண்டாம் அமர்வு, எழுதும் முறைக்கு. இங்கேதான் உண்மையான தவறுகள் நடக்கின்றன. 'செவ்வாய் - வியாழன்' என்று எழுதினால் படிப்பவர் புதன்கிழமையும் சேர்த்து மூன்று நாள் என்று எடுத்துக்கொள்வார். இரண்டு நாள்தான் என்றால் 'செவ்வாய், வியாழன்' என்று எழுத வேண்டும். '5 - 7' என்று மொட்டையாக விடாமல் 'மாலை 5 முதல் 7 வரை' என்று எழுதுங்கள். 'டாக்டர் நாளை வரமாட்டார்' என்ற வரி பத்து நாள் கழித்தும் தளத்தில் இருக்கும். நாளை, இன்று, இந்த வாரம் என்ற சொற்களே கூடாது. '12.8.2026, புதன்கிழமை விடுப்பு' என்று தேதியும் கிழமையும் சேர்த்து எழுதினால், இரண்டில் ஒன்று தப்பானாலும் கண்ணில் பட்டுவிடும். விடுப்பில் போகும் டாக்டரின் வரிசையை அழிக்கக் கூடாது. அதே வரிசையில் விடுப்புத் தேதியையும், அன்று யார் பார்ப்பார் என்பதையும் சேர்க்க வேண்டும். பண்ருட்டியிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ பஸ் ஏறி வரும் நோயாளி கிளம்பும் முன் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

தொலைபேசி எண்ணைத் தொட்டால் அழைப்பு போகும்படி இணைப்பு கொடுக்கும்போது, பிளஸ் 91 சேர்த்தபின் எஸ்.டி.டி. குறியீட்டின் முன்னுள்ள சைபரை எடுத்துவிட வேண்டும். கடலூருக்கு 4142-ம் அதன்பின் ஆறு இலக்கமும், புதுச்சேரிக்கு 413-ம் அதன்பின் ஏழு இலக்கமும் வரும். சைபரையும் விட்டுவைத்தால் அழைப்பு போகாமல் போகலாம். ஒவ்வோர் எண்ணையும் செல்பேசியில் தொட்டுப் பார்த்தபின்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு.

மூன்றாம் அமர்வில் மேற்பார்வை இல்லாமல் அவர்களே செய்யட்டும். துண்டுச் சீட்டில் ஒரு டாக்டரின் நேர மாற்றத்தை எழுதிக் கொடுங்கள். பத்து நிமிடத்தில் மாற்றி, செல்பேசியில் சரிபார்த்து, சீட்டில் கையெழுத்திட்டுத் தரத் தெரிந்தால் உண்மைத் தளத்தில் அனுமதி கொடுக்கலாம்.

அறிவிப்புகளைப் பாமினி எழுத்துருவில்தான் டைப் செய்கிறோம். இணையதளத்தில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. அதனால் படமாக மாற்றி ஏற்றிவிடுகிறோம். இது சரிதானா?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

சரியில்லை. பாமினியில் அடித்த 'காலை' என்ற சொல், கணினியின் கணக்கில் எஃப், எச், ஐ, ஒய் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். இணையத்துக்கு எல்லாக் கருவிகளும் புரிந்துகொள்ளும் பொதுக் குறியீடான யூனிகோடு வேண்டும்.

பழைய கோப்புகளை யூனிகோடு மாற்றியில் போட்டு மாற்றலாம். ஆனால் மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும். இடையில் ஆங்கிலத்தில் அடித்திருந்த டாக்டரின் பட்டமும் மருந்தின் பெயரும் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகளாக மாறியிருக்கும். பாமினியில் கமா விசைதான் 'இ', அரைப்புள்ளி விசைதான் மெய்யெழுத்தின் புள்ளி. எனவே ஆங்கிலப் பகுதியில் இருந்த நிறுத்தக்குறிகளும் எழுத்தாகிவிடும். கொ, கோ போன்றவற்றில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கின்றனவா என்றும் பாருங்கள்.

புதிதாக அடிப்பவர்களுக்கு விண்டோஸ் 10, 11-லேயே தமிழ் 99 விசைப்பலகை இருக்கிறது. பாமினியில் கை பழகியவர்களை மாறச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டாம். என்.எச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்களில் அதே விசை அமைப்பில் யூனிகோடாக அடிக்கலாம்.

படமாக ஏற்றிய அறிவிப்பைக் கூகுள் தேடலில் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்றவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதை வாசிக்காது. நேரம் ஒன்று மாறினாலும் படத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும். முகாம் போஸ்டரைப் போட்டே ஆக வேண்டுமென்றால் போடுங்கள். அதிலுள்ள தேதி, நேரம், இடம் அத்தனையையும் கீழே எழுத்தாகவும் கொடுங்கள்.

கூடவே ஒன்று: பக்கத்தின் முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் விட்டால் ஒவ்வோர் எழுத்தும் குறியும் முகவரியில் 9 எழுத்தாக விரியும். 'புறநோயாளி நேரம்' என்ற தலைப்பு மட்டுமே 127 எழுத்து ஆகிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறிகள் நிறைந்த நீண்ட சரமாகப் போகும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்கு ஒதுக்கியிருப்பதே 200 இடம்தான். வெளியிடும் முன்பே முகவரியை முடிவு செய்துவிடுங்கள். ஓ.பி. சீட்டில் கியூஆர் கோடு அச்சடித்தபின் மாற்றினால், பழைய முகவரி தானாகப் புதியதற்கு வழிகாட்டும் என்று நம்ப முடியாது.

மாற்றம் செய்து 'சேவ்' கொடுத்தாலும் வெளியே பழையதே தெரிகிறது. கட்டண விவர பி.டி.எஃப். கோப்பிலும் இதே சிக்கல். என்ன காரணம்?
— வாசகர், நெல்லிக்குப்பம்

இரண்டுக்கும் வெவ்வேறு காரணம். பக்கம் பழையதாகத் தெரிவதற்குக் 'கேஷ்' (வேகமாகத் திறக்க முன்பே எடுத்துவைத்த நகல்) காரணமாக இருக்கலாம். நீங்கள் லாக்-இன் செய்த கணினியில் பெரும்பாலும் புதியது தெரியும், நோயாளிக்குப் பழையது போகும். தளத்தின் கேஷைக் காலி செய்துவிட்டு, லாக்-இன் செய்யாத ஒரு செல்பேசியில், 'இன்காக்னிட்டோ' சாளரத்தில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

பி.டி.எஃப். விஷயம் வேறு. அதே பெயரில் புதிய கோப்பை ஏற்றினால் வேர்ட்பிரஸ் பழையதை அழிப்பதில்லை. புதிய கோப்பின் பெயருக்குப் பின் 1 சேர்த்துத் தனியாக வைக்கிறது. பக்கத்திலுள்ள இணைப்பு இன்னமும் பழைய கோப்புக்கே போகிறது. இணைப்பைப் புதிய கோப்புக்கு மாற்றுங்கள். பழையதை மீடியா பகுதியிலிருந்து நிரந்தரமாக நீக்குங்கள். நீக்காவிட்டால் கூகுள் வழியே வருபவர் பழைய கட்டணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பில் கவுன்டரில் கேட்பார். எங்களைக் கேட்டால், கட்டண விவரத்தைப் பி.டி.எஃப்.பில் வைப்பதைவிடப் பக்கத்திலேயே அட்டவணையாக வைப்பது மேல்.

ஆகஸ்ட் 16 விடுமுறை அறிவிப்பைக் காலை 6 மணிக்கு வெளியாகும்படி ஷெட்யூல் செய்திருந்தோம். பதினொன்றரைக்குத்தான் வந்தது. ஏன்?
— வாசகி, அரியாங்குப்பம், புதுச்சேரி

ஐந்தரை மணி நேரத் தாமதம் என்பதிலேயே விடை இருக்கிறது. உங்கள் தளம் யூ.டி.சி. நேரத்தில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் உள்ள உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. செட்டிங்ஸ், ஜெனரல் பகுதியில் நேர மண்டலத்தைக் 'கொல்கத்தா' என்று மாற்றுங்கள்.

அதன்பிறகும் சில நாள் தாமதமாக வந்தால் காரணம் வேறு. வேர்ட்பிரஸின் ஷெட்யூல் வேலை, யாராவது தளத்தைத் திறக்கும்போதுதான் ஓடும். விடிகாலையில் யாரும் வராவிட்டால் அறிவிப்பும் வராது. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் 'கிரான்' வேலை ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். இன்னொன்று, வெளியிடுவதற்கு ஷெட்யூல் உண்டே தவிர, குறித்த நாளில் தானாக நீக்கும் வசதி வேர்ட்பிரஸில் இயல்பாக இல்லை. நீக்கும் தேதியைப் பொறுப்பாளரின் காலண்டரில் குறித்துவையுங்கள்.

விடுமுறை அறிவிப்பை முதல் நாளே போட வேண்டாமா என்றும் யோசியுங்கள். ஆகஸ்ட் 16, நவம்பர் 1 இரண்டும் புதுச்சேரியில்தான் விடுமுறை. கடலூரில் சாதாரண வேலை நாள். அங்கிருந்து வருபவருக்கு அது நினைவிலேயே இருக்காது. மூன்று நாள் முன்பே முகப்பில் போடுங்கள்.

புயல் நாளுக்கும் ஓர் ஏற்பாடு தேவை. 2011 டிசம்பர் 30-ல் தானே புயலும், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயலும் இந்தக் கரையில்தான் தாக்கின. மின்சாரமும் நெட்டும் போனபின் மருத்துவமனைக்குள்ளிருந்து எதையும் மாற்ற முடியாது. சேலம் போன்ற தூரத்து ஊரில் இருக்கும் நம்பகமான ஓர் ஊழியருக்கோ கிளைக்கோ எடிட்டர் கணக்கு கொடுத்துவையுங்கள். 'அவசரப் பிரிவு இயங்குகிறது, ஓ.பி. இல்லை, வரும் வழி இது' என்ற அறிவிப்பை முன்பே எழுதி டிராஃப்டில் வைத்துவிட்டால், அவர் தேதியை மட்டும் போட்டு வெளியிட்டுவிடலாம்.

முகாம் படங்களையும், குணமானவர்களின் நன்றிக் கடிதங்களையும் போடலாமா?
— வாசகர், பண்ருட்டி

நோயாளி அடையாளம் தெரிகிறார் என்றால் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் போடாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023-ன்படி, கொடுத்த ஒப்புதலைப் பிறகு திரும்பப் பெறவும் அவருக்கு உரிமை உண்டு. எனவே எந்தப் படம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்ற பதிவேடு வேண்டும். கேட்ட அன்றே எடுக்க அதுதான் உதவும். முகத்தை மறைத்தால் மட்டும் போதாது. பின்னால் படுக்கை மேல் தொங்கும் கேஸ் ஷீட்டில் பெயர் தெரியும். செல்பேசிப் படத்துக்குள் எடுத்த இடத்தின் விவரமும் பதிந்திருக்கும். ஏற்றும் முன் அதை நீக்குங்கள்.

வாசகங்களிலும் கவனம். சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றை மருந்தால் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டம் தடுக்கிறது. ஸ்கேன் பக்கத்தில் குழந்தையின் பாலினம் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. 1994-ம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டம் இணையத்துக்கும் பொருந்தும். இந்தப் பக்கங்களை மட்டும் மருத்துவக் கண்காணிப்பாளர் பார்த்தபின்பே வெளியிட வேண்டும்.

தளத்தைப் பார்த்துக்கொண்ட ஊழியர் வேலையை விட்டுவிட்டார். அவர் கணக்கை அழித்துவிடலாமா?
— வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

அவசரப்பட்டு அழிக்காதீர்கள். கணக்கை நீக்கும்போது, அவர் எழுதியதையெல்லாம் அழிக்கவா, வேறொருவர் பெயருக்கு மாற்றவா என்று வேர்ட்பிரஸ் கேட்கும். முதலாவதைத் தேர்ந்தால் அவர் பெயரில் உள்ள பக்கங்கள் எல்லாம் போய்விடும். முதலில் அவருடைய பாஸ்வேர்டை மாற்றி, எல்லாச் சாதனங்களிலும் லாக்-அவுட் செய்யுங்கள். பிறகு பொறுப்பை 'இந்தத் தளத்தில் பொறுப்பு இல்லை' என்று மாற்றிவிட்டால் போதும். வரவேற்பு மேசையிலுள்ள பொதுக் கணினியையும் பாருங்கள். லாக்-இன் பக்கத்தில் 'ரிமெம்பர் மீ' போட்டிருந்தால் 14 நாள் வரை உள்ளே விட்டுக்கொண்டிருக்கும். டொமைன் (தள முகவரி) பதிவும் ஹோஸ்டிங் கணக்கும் அவருடைய சொந்த மெயிலில் இருந்தால், அவர் நல்ல முகத்தோடு இருக்கும்போதே மருத்துவமனையின் மெயிலுக்கு மாற்றி வாங்கிவிடுங்கள்.