டீசலா, பெட்ரோலா? சேரன்மகாதேவி வரை போய்வரும் ஓர் ஆசிரியைக்கான கணக்கு

கேள்வி: பாளையங்கோட்டையில் குடியிருக்கிறோம். சேரன்மகாதேவி அருகே உள்ள அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு ஒரு வழி 22 கி.மீ. இரண்டு பேருந்து மாறிப் போய்வர இப்போது உடம்பு ஒத்துழைக்கவில்லை என்பதால் பழைய கார் ஒன்று வாங்க முடிவு செய்திருக்கிறோம். கார் கன்சல்டிங் ஒன்றில் 2018ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் இரண்டைப் பார்த்தோம். பெட்ரோல் வண்டி 58,000 கி.மீ. ஓடியிருக்கிறது, விலை 4.60 லட்சம். டீசல் வண்டி 46,000 கி.மீ. ஓடியிருக்கிறது, விலை 5.30 லட்சம். கையில் 2.30 லட்சம் உள்ளது. மீதிக்கு 13 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுக் கடன் தருவதாகச் சொல்கிறார்கள். "டீசலை எடுங்க, கூடக் குடுத்த ரூவா ரெண்டே வருசத்துல திரும்ப வந்துரும்" என்கிறார் கன்சல்டிங் அண்ணாச்சி. என் கணவரோ, இரண்டும் வேண்டாம், 1.0 லிட்டர் வேகன் ஆர் போதும் என்கிறார். மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்து வீட்டில் ஐந்து பேர். எதை எடுப்பது?

பதில்: அண்ணாச்சி சொல்வது பொய்யன்று, ஆனால் அது 2012ஆம் ஆண்டின் உண்மை. அப்போது டீசல் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருந்தது; பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு 25 ரூபாய்க்கு மேல் இடைவெளி இருந்தது. 2014 அக்டோபரில் அந்தக் கட்டுப்பாடு நீக்கப்பட்ட பிறகு இடைவெளி படிப்படியாகச் சுருங்கி, இன்று பத்து ரூபாயை ஒட்டி நிற்கிறது. விலை மாறினாலும் "டீசல்தான் லாபம்" என்ற பேச்சு மட்டும் வண்டிச் சந்தையில் மாறாமல் இருக்கிறது. நானும் அந்தப் பேச்சைக் கேட்டு ஒரு டீசல் வண்டியை வாங்கி, ஆண்டுக்கு ஏழாயிரம் கி.மீ.கூட ஓட்டாமல், கூடுதலாகக் கொடுத்த பணத்தை வண்டியோடு சேர்த்து நிழலில் நிறுத்தி வைத்திருந்தவன்தான்.

உங்கள் ஓட்டத்தைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 44 கி.மீ. வீதம் 220 வேலை நாட்களுக்கு 9,680 கி.மீ. ஆகிறது. சீசனில் குற்றாலம், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை திருச்செந்தூர், கல்யாண வீடு, சடங்கு வீடு என்று சேர்த்தால் 12,000 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 2018 ஸ்விஃப்ட்டுக்கு ஆய்வு நிலையம் சான்றளித்த மைலேஜ் பெட்ரோலுக்கு 22 கி.மீ., டீசலுக்கு 28.4 கி.மீ. ஆகும். ஏ.சி. போட்டு, வண்ணார்பேட்டை நெரிசலில் நின்று நகரும் வண்டி அந்த எண்களைத் தொடாது. 16 என்றும் 20 என்றும் எடுத்துக்கொள்வதே நியாயம். இப்போது பெட்ரோல் பங்குகளில் விற்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் மைலேஜைச் சற்றுக் குறைப்பதையும் மனதில் வைத்தே பெட்ரோலுக்கு 16 என்கிறேன். பெட்ரோல் 102 ரூபாய், டீசல் 94 ரூபாய் என்று வைத்தால், ஆண்டு எரிபொருள் செலவு பெட்ரோல் வண்டிக்கு 76,500 ரூபாய், டீசல் வண்டிக்கு 56,400 ரூபாய். மிச்சம் ஆண்டுக்கு 20,100. ஐந்து ஆண்டுக்கு 1,00,500.

எதிர்ப்பக்கத்தையும் எழுதுங்கள். விலையில் கூடுதலாகக் கொடுக்கும் 70,000 ரூபாய் உங்கள் கைப்பணத்திலிருந்து வரவில்லை, முழுவதும் கடனாகவே வருகிறது. அந்த 70,000க்கு மட்டும் 13 சதவீதத்தில் ஐந்து ஆண்டு வட்டி ஏறத்தாழ 25,500 ரூபாய். ஆயில், ஃபில்டர், சர்வீஸ் வகையில் டீசலுக்கு ஆண்டுக்கு 5,000 ரூபாய் கூடும் என்று கொண்டால் 25,000. மொத்தம் 1,20,500. விற்கும்போது டீசல் வண்டிக்கு 25,000 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்று தாராளமாகவே கழித்தாலும் 95,500 நிற்கிறது. ஆக, ஐந்து ஆண்டில் டீசலால் உங்களுக்குக் கிடைக்கும் ஆதாயம் 5,000 ரூபாய். மாதத்துக்கு 83 ரூபாய். இரண்டு வருடத்தில் திரும்ப வரும் என்ற பேச்சு வட்டியையும் சர்வீஸையும் எண்ணாத பேச்சு. எரிபொருள் மிச்சத்தை மட்டும் பார்த்தால்கூட 70,000 திரும்ப மூன்றரை ஆண்டு ஆகும்.

இந்த 83 ரூபாய்க்காக நீங்கள் ஏற்கும் பொறுப்பு என்ன? எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ, உயர் அழுத்த பம்ப் ஆகிய மூன்றும் டீசலில் உண்டு. இந்த ஸ்விஃப்ட்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் டர்போவும் இல்லை, அந்த அளவு அழுத்தத்தில் வேலை செய்யும் பம்ப்போ இன்ஜெக்டரோ இல்லை. மூன்றில் ஒன்று பழுதானாலும் செலவு ஐந்து இலக்கத்தில் வரும். ஐந்து ஆண்டு மிச்சமும் ஒரே பில்லில் போய்விடும். அந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1,248 சி.சி. கொண்ட அந்த எஞ்சின் ஃபியட் வடிவமைத்தது. இந்தியாவில் பல நிறுவனங்களின் வண்டிகளில் ஓடியது. மாருதி 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிகள் வந்தபோது டீசலையே கைவிட்டாலும், உதிரிபாகத்துக்கும் கைதேர்ந்த மெக்கானிக்குக்கும் நம் ஊரில் இன்னும் பஞ்சமில்லை. நாள்தோறும் தென்காசிக்குப் போய்வந்து ஆண்டுக்கு 24,000 கி.மீ. ஓட்டும் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஆண்டு மிச்சம் 40,000ஐத் தாண்டுவதால், நல்ல டீசலாகப் பார்த்து எடுங்கள் என்றே எழுதியிருப்பேன். உங்கள் ஓட்டம் அதில் பாதி.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது அந்த 46,000 கி.மீ. தான். 2018இல் புதிய ஸ்விஃப்ட் வாங்கியவர் டீசலுக்காக ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்தார். அப்படிக் கொடுத்தவர் ஓட்டுவதற்காகத்தான் கொடுத்திருப்பார். அவர் ஆண்டுக்கு ஆறாயிரம் சொச்சம் மட்டுமே ஓட்டினார் என்றால், என்னைப் போலக் கணக்குத் தவறியவராக இருக்க வேண்டும், அல்லது யாராவது மீட்டரைக் குறைத்து வைத்திருக்க வேண்டும். பழைய பெட்ரோல் வண்டியில் குறைந்த கி.மீ. மகிழ்ச்சி தரும் செய்தி. பழைய டீசலில் அது விசாரிக்க வேண்டிய செய்தி. எண்ணை நம்பாமல், வண்டியின் பதிவெண்ணைக் கொடுத்து நிறுவன சர்வீஸ் நிலையத்தில் ஒவ்வொரு முறையும் குறிக்கப்பட்ட கி.மீ. விவரத்தைக் கேளுங்கள். உரிமையாளர் உடன் வந்தால் அது எளிது. அவரை உங்கள் கண்ணிலேயே காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான். பெடல் ரப்பர் மழுங்கியிருப்பது, ஸ்டீயரிங் உறை வழுவழுத்திருப்பது, ஓட்டுநர் இருக்கை ஒரு பக்கம் அமுங்கியிருப்பது ஆகியவை 46,000 கி.மீ. வண்டிக்குப் பொருந்தாத அடையாளங்கள்.

நம் மாவட்டத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குப் பெய்தது, தாமிரபரணி கரைமீறி ஜங்ஷன் பேருந்து நிலையத்துக்கும் கொக்கிரகுளத்துக்கும் வந்தது. நெல்லை, தூத்துக்குடி இரு மாவட்டங்களிலும் வீட்டு வாசலில் நின்ற கார்கள் நீரில் நின்றன. காற்று உறிஞ்சும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போன நிலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அழுந்தாது என்பதால் கனெக்டிங் ராடு வளையும். அழுத்தம் அதிகமுள்ள டீசலில் சேதம் இன்னும் மோசமாக இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்ததால் வரும் எஞ்சின் சேதத்துக்கு, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திராத சாதாரண பாலிசி பொதுவாக இழப்பீடு தராது. அப்படிக் கைவிடப்பட்ட வண்டிகள் ஒப்பேற்றப்பட்டுச் சந்தைக்கு வருவதில் வியப்பில்லை. நெல்லைப் பதிவான டி.என். 72 ஆனாலும் தூத்துக்குடிப் பதிவான டி.என். 69 ஆனாலும், சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். மண் கோடு அங்கே தங்கியிருக்கும். இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், டேஷ்போர்டுக்குக் கீழுள்ள ஒயர் இணைப்புகளில் பச்சைக் களிம்பு, ஏ.சி. போட்டதும் எழும் ஈர வாடை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், விலை எவ்வளவு இறங்கினாலும் வாங்காதீர்கள். முந்தைய காப்பீட்டு நிறுவனத்தில் 2023, 2024 ஆண்டுகளில் இழப்பீடு கோரப்பட்டதா என்று உரிமையாளர் மூலம் கேட்டுப் பெறுவதும் நல்லது.

உங்கள் கணவரின் யோசனைக்கு வருகிறேன். 1.0 லிட்டர் வேகன் ஆரின் 998 சி.சி. எஞ்சினுக்கு மூன்றாம் நபர் காப்பீட்டுப் பிரீமியம் 2,094 ரூபாய் என்றால், 1,000 முதல் 1,500 சி.சி. வரையிலான வண்டிக்கு 3,416 ரூபாய், வரி தனி. ஸ்விஃப்ட்டின் பெட்ரோல் 1,197 சி.சி.யும் டீசல் 1,248 சி.சி.யும் ஒரே படியில் வருவதால் அவற்றுக்கிடையே இதில் வேறுபாடில்லை. நீங்கள் ஒருவர் மட்டும் பள்ளிக்குப் போய்வருவதென்றால் மூன்று சிலிண்டர் 1.0 எஞ்சின் தாராளம். மைலேஜும் சற்றுக் கூடும். ஐந்து பேரும் ஏறி, சித்திரை வெயிலில் ஏ.சி. ஓட, செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில் ஏறும்போதுதான் அதன் இழுவை போதாமல் இரண்டாம் கியரிலேயே முனகிக்கொண்டு போக வேண்டிவரும். அத்தகைய பயணம் ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்றால் அந்த முனகலைப் பொறுத்துக்கொள்ளலாம். கணவர் சொல்வதில் நியாயம் உண்டு. மேலும் மாமியாருக்கு உட்கார்ந்து எழ வசதியான உயரமான இருக்கை தேவையெனில் அதற்காகவே வேகன் ஆரைப் பார்க்கலாம். அதிலும் 2019 முதல் வந்த மாடலில் 1.2 லிட்டர் எஞ்சின் உண்டு. உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது 1.2 லிட்டர் பெட்ரோல்தான். அது எந்த வண்டியில் என்பது உங்கள் வசதி. சி.என்.ஜி. வண்டி காட்டினால், நிறுவனமே பொருத்தியதா, ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவில்லாத கிட் இருந்தால் காப்பீடு சிக்கலாகும். சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொள்ளும் என்பதையும் ஐந்து பேர் குடும்பம் எண்ண வேண்டும்.

பெட்ரோல் வண்டிக்கு 4.60 லட்சம் கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல் 1,200 சி.சி.க்கு உட்பட்ட சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்து புதிய வண்டியின் விலையே இறங்கியிருக்கும்போது, பழைய வண்டி மட்டும் பழைய விலையில் நிற்க முடியாது. இன்றைய புதிய வண்டியின் விலைப் பட்டியலைக் கையில் எடுத்துச் சென்று 4.30 லட்சத்துக்குக் கேளுங்கள். "ஜி.எஸ்.டி. தனி" என்று முழு விலைக்கும் 18 சதவீதம் போட்டால் ஏற்காதீர்கள்; பழைய காரில் அந்த வரி வியாபாரியின் லாபத்துக்கு மட்டுமே. வரும் 30,000 மிச்சத்தைக் கடனில் கழிக்காமல், உங்கள் 2.30 லட்சத்திலிருந்து 30,000ஐ டயர், பேட்டரி, முதல் சர்வீஸ் செலவுக்கென்று தனியே வைத்துவிட்டு, மீதி இரண்டு லட்சத்தை முன்பணமாகக் கொடுங்கள். கடன் 2.30 லட்சமாகும். அதை மூன்று ஆண்டில் கட்டினால் மாதத் தவணை சுமார் 7,750 ரூபாய், மொத்த வட்டி 49,000; ஐந்து ஆண்டென்றால் தவணை 5,230க்கு இறங்கும், வட்டி 84,000க்கு ஏறும். 2033இல் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டிய வண்டிக்கு நீண்ட கடன் பொருந்தாது.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்க வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை எழும்போதுதான் டைமிங் செயின் சத்தமும் நீலப் புகையும் தெரியும். உங்கள் மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று சேரன்மகாதேவி சாலையிலேயே ஓட்டிப் பாருங்கள். பணம் கைமாறும் முன் ஆர்.சி.யில் பழைய கடன் பதிவு நீக்கப்பட்டதா என்று பாருங்கள். படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். காப்பீட்டை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி பழைய உரிமையாளரோடு போய்விடும் என்பதால், அதற்கான பிரீமிய வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நான் சொன்ன 30,000இல் அதற்கும் இடம் இருக்கிறது.