மறுபடியும் டூர், மறுபடியும் ஏறும் சர்க்கரை

கேள்வி: என் கணவருக்கு வயது 47. கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் சர்வீஸ் மேனேஜர். ஆறு வருடமாகச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரை காலையிலும் இரவிலும், பி.பி.க்கு ஆம்லோடிபின். கொரோனா சமயத்தில் எல்லாம் வீடியோ காலில் முடிந்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவு 6.8-க்கு இறங்கியிருந்தது. இப்போது பழையபடி டூர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அளவு 8.4. கால் வீங்குகிறது. ஊர் திரும்பினால் இரண்டு நாள் எரிந்து விழுகிறார். ராத்திரி பஸ்ஸில் சில சமயம் வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மோட்டலில் சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறதாம். கேஸ் என்கிறார். மே மாதம் கண்காட்சிக்காக மியூனிக் போகிறார். தூக்க மாத்திரை கொடுத்தனுப்பலாமா? இல்லை, வேலையையே மாற்றச் சொல்லட்டுமா? அவர் போய்ச் சேர்ந்தேன் என்று போன் செய்தபிறகுதான் எனக்குத் தூக்கமே வருகிறது.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வியர்வையும் நடுக்கமும்தான் என்னை முதலில் நிறுத்தியது. மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

அது கேஸ் அல்ல. பெரும்பாலும் தாழ்சர்க்கரையாக இருக்கும். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மருந்து. மாத்திரை உள்ளே போய்விட்டது, சாப்பாடு வரவில்லை என்றால் இரத்தச் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். என் ஊகம் இது: எட்டு மணிக்கு வீட்டில் வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் சாப்பாட்டைத் தள்ளிவைக்கிறார், பைபாஸ் மோட்டலில் பஸ் நிற்கும்போது பதினொன்றரை. அங்கே பசி வெறியில் நாலு பரோட்டா, சால்னா, மேலே ஒரு கூல்டிரிங்க்ஸ். நடுக்கம் நிற்கிறது. ஆனால் விடிகாலையில் சர்க்கரை எங்கோ ஏறியிருக்கும். தாழ்வதும் ஏறுவதும் ஒரே ராத்திரியில் நடந்துவிடுகிறது. 8.4 என்பது மூன்று மாதச் சராசரிதானே, நடுவில் விழுந்த பள்ளங்களை அது காட்டாது. அதைப் பார்த்து யாராவது மாத்திரையைக் கூட்டிவிட்டால் பள்ளம் இன்னும் ஆழமாகும். ஆகவே மருத்துவரைப் பார்க்கும்போது இந்த நடுக்கக் கதையைத்தான் முதலில் சொல்லவேண்டும். டூர் போகிறவருக்குத் தாழ்சர்க்கரையை எளிதில் உண்டாக்காத மாத்திரைகள் இருக்கின்றன. மாற்றலாமா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும்.

அதுவரை, இரவு மாத்திரை சாப்பாட்டோடுதான். வீட்டிலேயே இரண்டு தோசையைச் சாப்பிட்டுவிட்டு, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறட்டும். குளுக்கோமீட்டர் பெட்டியில் வேண்டாம், கையோடு இருக்கும் பையில் இருக்கட்டும். நடுக்கம் வந்ததும் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கவேண்டும். 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மீட்டரில் அளவு சரியாக இருந்தும் வியர்க்கிறது, நெஞ்சு இறுக்குகிறது, மூச்சு வாங்குகிறது என்றால் இதயம் என்றே எடுத்துக்கொள்ளவேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியில்லாமலும் வரும். பஸ்ஸை நிறுத்தி 108-ஐக் கூப்பிடத் தயங்கக்கூடாது.

கால் வீக்கம் இரண்டு காலிலும் ஒரேமாதிரி, சாக்ஸ் தடம் பதிகிற அளவுக்கு, காலையில் வடிந்துவிடுகிறதா? அப்படியானால் நெடுநேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்வதும் ஆம்லோடிபினும் சேர்ந்து செய்கிற வேலையாக இருக்கலாம். அந்த மாத்திரைக்குக் கணுக்கால் வீக்கம் ஒரு பழகிய பக்கவிளைவு. வடியாமல் இருந்தால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் சோதிக்கவேண்டும். ஒரு காலில் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் வலித்தால் கதை வேறு. இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டவேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கை சொல்கிறது. ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கு, அதனால் பயந்து நடுங்கவேண்டியதில்லை. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மணிக்கொரு தடவை எழுந்து நடப்பதும் உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவதும் போதும். அழுத்தக் காலுறையை அவராகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளவேண்டாம். சர்க்கரைக்காரர் என்பதால் காலில் இரத்த ஓட்டத்தைப் பார்த்தபிறகுதான்.

மியூனிக் பயணத்துக்குத் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். மாத்திரை போட்டு அசையாமல் மணிக்கணக்கில் கிடப்பது கெண்டைக்கால் இரத்தத்துக்கு நல்லதில்லை, கூடவே பீரும் சேர்ந்தால் இன்னும் மோசம். மே மாதம் நமக்கும் ஜெர்மனிக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம்தான். மேற்கே போகும்போது உடம்பு எளிதாகவே ஒத்துக்கொள்ளும். சாயங்காலம் ஆறு மணிக்கே கண் சொருகும், விடிகாலை மூன்றுக்கு விழிப்பு வரும், அவ்வளவுதான். கண்காட்சி முடிந்ததும் அறைக்குள் அடைந்துவிடாமல் வெளியே வெளிச்சத்தில் நடக்கச் சொல்லுங்கள். அங்கே மே மாதம் எட்டரை வரை வெயில் இருக்கும். மாத்திரையை அந்த ஊர்ச் சாப்பாட்டு வேளைக்கு மாற்றிக்கொள்ளலாம். பீர் என்றால் வெறும் வயிற்றில் கூடவே கூடாது. கிளிமிபிரைடோடு சேர்ந்தால் ராத்திரி சர்க்கரை விழும். மருந்து முழுவதும், சீட்டோடு, கைப்பையில். துபாய் வழி என்றால் இருமல் சிரப், வலி மாத்திரை எதையும் சும்மா பையில் போட்டுவிடாதீர்கள். கோடீனும் டிரமடாலும் அங்கே முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாதவை. நம் வீட்டுக் கசகசாவுக்கும் அங்கே தடைதான்!

சரி, வேலைக்கு வருவோம். 2022 மார்ச் 27 அன்று இந்தியாவில் வழக்கமான சர்வதேச விமானங்கள் திரும்பவும் பறக்கத் தொடங்கிய பிறகு, பல நிறுவனங்கள் பழைய டூர் அட்டவணையைத் தூசி தட்டி அப்படியே எடுத்துக்கொண்டன. நடுவில் இரண்டு வருடத்தில் ஆட்களுக்கு வயது ஏறியதை அட்டவணை கவனிக்கவில்லை. அவர் வேலையை விடவேண்டாம் என்பதே என் எண்ணம். ஓடும் பம்பில் வரும் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் பழுது பிடிபடும். அதற்கு அவர் போகத்தான் வேண்டும். மாதாந்திர ரிவ்யூ மீட்டிங்குக்கு எதற்குச் சென்னை வரை?

எத்தனை டூர் என்று பார்க்காதீர்கள், எத்தனை ராத்திரி என்று பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், மாதம் 14 இரவோ அதற்கு மேலோ வெளியில் தங்குபவர்களுக்குத் தூக்கக் குறைவு, புகைப்பழக்கம், பதற்றம், மனச்சோர்வு எல்லாமே 1 முதல் 6 இரவு தங்குபவர்களைவிட அதிகம் இருந்தது. உங்கள் கணவர் சரியாக அந்தக் கோட்டில் நிற்கிறார். பத்துக்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று ஆபீசில் பேசட்டும். இன்னொன்று, ராத்திரி பஸ்ஸில் போய் காலை ஒன்பதுக்கு மீட்டிங், மறுபடி ராத்திரி பஸ் என்றால் ரூம் வாடகையும் மிச்சம், நாளும் மிச்சம். நிறுவனத்துக்கு மிச்சமாவது இவர் தூக்கத்திலிருந்துதான் போகிறது. சென்னைக்கு இப்போது வந்தே பாரத் இருக்கிறது. காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். பயண இரவுக்கு மறுநாள் அரை நாளாவது ஓய்வு என்பது சலுகை இல்லை. ஊழியர் பயணத்தில் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று விளக்கும் ஐ.எஸ்.ஓ. 31030 வழிகாட்டி 2021-லேயே வந்துவிட்டது. ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்கு ஐ.எஸ்.ஓ. என்றால் காது நீளும், அதைச் சொல்லியே கேட்கலாம். பேட்டாவை மிச்சம் பிடிக்கிற பழக்கம் அவருக்கு இருந்தால் அதை நீங்கள்தான் கண்டிக்கவேண்டும். மிச்சமாகிற இருநூறு ரூபாய் மருந்துக் கடைக்குத்தான் போகும்.

அந்த இரண்டு நாள் எரிச்சலை குணமாகப் பார்க்காதீர்கள், பாதி தூக்கக் கடன். வந்து இறங்கிய அன்று அவர் வண்டி ஓட்டவேண்டாம். வீட்டுக் கணக்கு, பிள்ளை மார்க்‌ஷீட் எல்லாம் மறுநாள்.

கடைசியாக உங்களைப் பற்றி. உலக வங்கி ஊழியர்களிடம் நடந்த ஆய்வுகளில், அடிக்கடி பயணம் போகிறவர்கள் மட்டுமல்ல, அவர்களுடைய துணைவர்களும் மனநலச் சிகிச்சைக்கான காப்பீட்டை அதிகமாகக் கேட்டிருந்தார்கள் என்று 2002-ல் தெரியவந்தது. போன் வரும்வரை விழித்திருப்பது உங்களுக்கும் பயண இரவுதான். பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஒரு போன், இறங்கியதும் ஒரு மெசேஜ் என்று வைத்துக்கொண்டு, நடுவில் நீங்கள் படுத்துவிடுங்கள். மியூனிக் கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதே அவரை மருத்துவரிடம் கூட்டிப்போய் கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் பார்த்துவிட்டு, அதே நாளில் உங்கள் பி.பி.யையும் எடுக்கச் சொல்லுங்கள்.