மச்சான் ஆர்டரும் மெஷின் கடனும்

கேள்வி: திருப்பூரில் 10 மெஷின் போட்டு பவர் டேபிள் (கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் யூனிட்) நடத்துகிறேன். ஒரு கம்பெனிக்கு டீ-சர்ட் தைக்கிறோம், பீஸுக்கு 12.50 ரூபாய், சனிக்கிழமை பணம் கைக்கு வந்துவிடும். வாரத்தில் 3 நாள் மச்சானுக்கு டிராக் பேன்ட் தைத்துக் கொடுக்கிறோம். பீஸுக்கு 20 ரூபாய், ஆனால் பணம் வர 3 மாதம் ஆகும். நாளுக்கு டீ-சர்ட் 600 இறங்கும், பேன்ட் 300தான். சம்பளம் போடுவதற்காக 2 லட்சத்துக்கு நகையை அடகு வைத்திருக்கிறேன். எல்லாம் போக மாதம் 22,000 ரூபாய்தான் நிற்கிறது. கம்பெனி இன்னும் பீஸ் தரத் தயாராக இருக்கிறது. 4 லட்சம் கடன் வாங்கி 5 மெஷின் போடலாமா? மாதம் 5,000 ரூபாய்க்கு, காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த யூலிப் பாலிசி எடுக்கச் சொல்லி ஒரு ஏஜென்ட் வேறு விடாமல் கேட்கிறார்.

பதில்: கடன் வேண்டாம். உங்களிடம் மெஷின் குறைவாக இல்லை. இருக்கிற மெஷினை வாரத்தில் பாதி நாள் அடிமாட்டு விலைக்கு விடுகிறீர்கள்.

12.50-ஐவிட 20 பெரிது என்பதால் மச்சான் ஆர்டர் லாபம் என்று தோன்றுகிறது. பீஸைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள். டீ-சர்ட் ஓடும் நாளில் 7,500 ரூபாய். பேன்ட் ஓடும் நாளில் 6,000. நீங்கள் ஷிப்ட் கணக்கில்தான் சம்பளம் கொடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் எதைத் தைத்தாலும் அது ஒன்றுதான். வாடகையும் அப்படியே. ஒரு பேன்ட் தைக்கிற நேரத்தில் இரண்டு டீ-சர்ட் போகிறது, அதாவது 25 ரூபாய். பிளஸ் ஒன்னில் வாய்ப்புச் செலவு என்று படித்தது இதுதான். 25 ரூபாயை விட்டுவிட்டு 20 ரூபாயை வாங்குகிறீர்கள், அதையும் 3 மாதம் கழித்து.

மாதம் 12 நாள் என்றால் 18,000 ரூபாய் போகிறது. மச்சானிடம் நிற்கும் பணம் மாதம் 72,000 வீதம் 3 மாதத்துக்கு 2 லட்சத்துக்கு மேல். நீங்கள் அடகு வைத்ததும் கிட்டத்தட்ட அதே தொகைதான், கவனித்தீர்களா? மாதம் ஒரு சதவிகிதம் என்று வைத்தால் வட்டி 2,000. ஆக 20,000. இதில் நூல் மாற்றி, துணியை மடித்துக் கொடுக்கும் ஃபோல்டர் மாற்றி, முதல் பீஸ் செக்கிங்கில் ஓகே ஆவதற்குள் வீணாகும் நேரத்தை நான் சேர்க்கவே இல்லை. மாதம் உங்களுக்கு நிற்பதே 22,000!

4 லட்சத்துக்கு 12 சதவிகிதம், 3 வருஷம் என்றால் தவணை 13,300 வரும். அதற்கு மேல் 5 டெய்லர் பிடிக்க வேண்டும். திருப்பூரில் அது எவ்வளவு பாடு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மச்சானிடம் இப்போதே பேசாவிட்டால் புது மெஷினிலும் அவர் பேன்ட்தான் ஓடும்.

அவரிடம் சண்டை போட வேண்டாம். மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். பீஸுக்கு 25 ரூபாய், 45 நாளுக்குள் பணம். முடியாது என்றால் வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும். உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும் என்பது 2006-ம் வருஷத்துச் சட்டம். கெடுவைத் தாண்டி, நிதியாண்டு முடிவதற்குள்ளும் பணம் தராவிட்டால், அந்தச் செலவை மச்சான் அந்த வருஷ வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. அவருடைய ஆடிட்டரே இதைச் சொல்லிவிடுவார், நீங்கள் பொல்லாதவர் ஆக வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி ஆர்டர் இல்லாமல் மெஷின் சும்மா நிற்கும் வாரங்களில் 20 ரூபாய்க்கே தையுங்கள். அப்போது எந்த டீ-சர்ட்டையும் நீங்கள் இழக்கவில்லை. ஆனால் அப்போதும் 45 நாள் கெடுவை விடாதீர்கள்.

மிச்சமாகும் பணம் முழுக்க நகைக் கடனுக்குப் போகட்டும். யூலிப் இப்போது வேண்டவே வேண்டாம். 12 சதவிகிதம் வட்டி கட்டிக்கொண்டே, 5 வருஷம் எடுக்க முடியாத இடத்தில், சந்தை எப்படிப் போகும் என்று தெரியாமல் பணத்தை முடக்குவது என்ன நியாயம்? ஏஜென்ட்டிடம் முதலீடு இல்லாமல் உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் சாதாரண டேர்ம் பாலிசிக்கு விலை கேளுங்கள். உங்களை நம்பி ஒரு குடும்பமும் 10 தொழிலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் உங்களுக்கு ஏதாவது பாலிசி இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.