4எச்சில் (நாலு சில்லும் இழுக்கும் கியரில்) திருப்பும்போது இழுக்கிறது: ஹைலக்ஸ் பிக்கப்பை விற்கலாமா?

விற்க வேண்டாம். தார் ரோட்டில் ஏறியதும் 2எச்சுக்கு (பின்சில்லு மட்டும் இழுக்கும் கியருக்கு) மாற்றுங்கள், போதும்.

மணற்காட்டுக் கடற்கரையில் வள்ளம் இழுத்துவிட்டு அதே 4எச்சில் பருத்தித்துறை வரை வருகிறேன், டயரும் தேய்கிறது என்கிறீர்கள். பழைய ஹைலக்ஸில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டு அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பகுதி) கிடையாது. வளைவில் முன்சில்லு கூடுதல் தூரம் ஓட வேண்டும். மணலில் சறுக்கிச் சமாளிக்கும், காய்ந்த தாரில் முடியாது. டயர் தேய்வதும் அதனால்தான்.

2எச்சில் போட்டு, நேராகச் சில மீற்றர் பின்னுக்கு எடுத்துப் பாருங்கள். இறுக்கம் விட்டு, டாஷ்போர்டில் எரியும் 4எச் லைட் அணைந்தால் சரி. அணையாவிட்டால் கராஜுக்குக் கொண்டுபோங்கள். நடு டிஃபரன்ஷியல் உள்ள வாகனங்களுக்கு இது பொருந்தாது.

கிழமைக்கு இரண்டு நாளாவது மணலில் இழுப்பவருக்கு இந்த வண்டி காசுக்குப் பெறுமதி, டிராக்டர் கூலி மிச்சம். தாரில் மட்டும் ஓடுபவருக்குத்தான் நட்டம். ஆனால் உப்பைக் கவனியுங்கள். என் வண்டியின் சேஸிக்குள் (அடிச்சட்டத்துக்குள்) ஈரமணல் தங்கி, சுத்தியலால் தட்டியபோது இரும்பு அப்பளம் மாதிரி உதிர்ந்தது. கடற்கரை போய் வந்த அன்றைக்கே நல்ல தண்ணீரால் அடியையும் சேஸி ஓட்டைகளையும் அடித்துக் கழுவிவிடுங்கள்.