காவலர் தேர்வு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வந்திருக்கும் கடிதங்களில் பாதிக்கு மேல், அறிவிக்கையை ஒருமுறை படித்தாலே பதில் தெரிந்துவிடும் ரகம். அவற்றை விட்டுவிட்டேன். மற்றவை பெரும்பாலும் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு பற்றியவை.

சென்னை மாநகரக் காவல்துறைக்குத் தனியாக எப்போது ஆள் எடுப்பார்கள்? கமிஷனர் அலுவலகத்தில் நேரில் விண்ணப்பிக்கலாமா? (வாசகர், திருத்தணி)

தனியாக எடுப்பதே இல்லை, நேரில் கொடுத்தால் வாங்கவும் மாட்டார்கள். மாநிலம் முழுவதற்கும் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான் ஆள் எடுக்கிறது. 2022 ஜனவரியில் ஆவடியும் தாம்பரமும் தனிக் கமிஷனரேட் ஆனபோதும் இது மாறவில்லை. இன்னொன்று, பயிற்சி முடிந்ததும் ஸ்டேஷனில் டூட்டி பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். ஆண்களுக்கு முதலில் சிறப்புக் காவல்படை பட்டாலியன் அல்லது ஆயுதப்படை, பெண்களுக்கு ஆயுதப்படை. பந்தோபஸ்து, கைதி வழிக்காவல் என்று சில வருஷம் ஓடும். லோக்கல் ஸ்டேஷன் அதற்கு அப்புறம்தான். சென்னையே வேண்டும் என்றால், சீனியாரிட்டியும் காலியிடமும் பார்த்து இடமாறுதல் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

நான் பி.சி. உயரம் 169.5 செ.மீ. அரை சென்டிமீட்டரைக் கண்டுகொள்ள மாட்டார்கள்தானே? (வாசகர், அரியலூர்)

கண்டுகொள்வார்கள். உங்களுக்கு 170 வேண்டும். 167 என்பது எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு. வீட்டுச் சுவரில் கோடு போட்டு அளந்ததை நம்பாமல், வெறுங்காலோடு, குதிகால் தரையில் படிய, தலையை நேராக வைத்து முறையாக அளந்து பாருங்கள். காலையில் எழுந்ததும் இருக்கும் உயரம் சாயங்காலம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். அதனால் இரண்டு நேரமும் அளந்து பார்ப்பது நல்லது. கூன் போட்டு நிற்கும் பழக்கம் இருந்தால் அதைத் திருத்தினாலே கொஞ்சம் தேறலாம். உயரம் கூட்டுகிற மாத்திரை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

திருவிழாவில் நடந்த அடிதடியில் என் பெயரையும் எப்.ஐ.ஆரில் சேர்த்துவிட்டார்கள். சாட்சிகள் பல்டி அடித்ததால் கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டது. விண்ணப்பத்தில் ‘வழக்கு இல்லை’ என்று போடச் சொல்கிறார் கோச்சிங் சென்டர் சார். போடலாமா? (பெயர் வேண்டாம், தேனி)

போடாதீர்கள். அந்த சார் சொன்னதைக் கேட்டு எத்தனை பிள்ளைகள் எழுத்துத் தேர்வு, கிரவுண்டு, மெடிக்கல் எல்லாம் தாண்டி, கடைசியில் போலீஸ் வெரிபிகேஷனில் வந்து நின்றுவிட்டார்கள் தெரியுமா? இதை எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது. ஆனாலும் மாதம் தவறாமல் இப்படி ஒரு கடிதம் வருகிறது. நீங்கள் சேரப்போவது காவல்துறை. உங்கள் மேல் போட்ட எப்.ஐ.ஆர். அதே துறையின் பதிவேட்டில் இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனுக்குத்தான் சரிபார்க்கச் சொல்லித் தாள் வரும். அங்கே இருப்பதை இல்லை என்று எப்படி எழுதுவார்கள்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். விடுதலை என்றால் எல்லாம் ஒன்றில்லை. தீர்ப்பு நகலை எடுத்துக் கடைசிப் பாராவைப் படியுங்கள். ‘சந்தேகத்தின் பலனை அளித்து’ என்று இருக்கிறதா, குற்றமே நிரூபிக்கப்படவில்லை என்று தெளிவாக இருக்கிறதா? சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், புகார் கொடுத்தவரே பிறழ்சாட்சி ஆனதால் (அதாவது பல்டி அடித்ததால்) விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருத வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பணி விதியின் விளக்கக் குறிப்பு சொல்கிறது. உங்கள் தீர்ப்பு அந்த வகை என்றால், உண்மையைச் சொன்னாலும் வேலை மறுக்கப்படலாம். கசப்பாகத்தான் இருக்கும், ஆனால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: சரிபார்ப்பின்போது நிலுவையில் இருந்து, பிறகு மரியாதையான விடுதலை (சந்தேகத்தின் பலனில் இல்லாமல், களங்கமில்லாத விடுதலை) கிடைத்தால், அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

வழக்கைச் சொல்லியும் நிராகரித்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு வழி இருக்கிறது. மறைத்து மாட்டினால், வழக்கோடு பொய்யும் சேர்ந்துகொள்ளும். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது. அற்ப வழக்காக இருந்தால் மறைத்ததைக்கூட நியமிக்கும் அதிகாரி மன்னிக்கலாம், பெரிய வழக்கு என்றால் நியமனத்தை ரத்து செய்யலாம், உண்மையைச் சொன்னவரையும் முன்வரலாறு பார்த்து மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. இதுதான் அதன் சாரம். உங்கள் விதி அடுத்தவர் தயவில் நிற்கும்படி செய்துகொள்ளாதீர்கள்.

இதையொட்டி வந்த மற்ற கடிதங்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வந்ததற்கான ரசீது மட்டும் போட்டிருந்தால் அது எப்.ஐ.ஆர். இல்லை. ஹெல்மெட் அபராதம் கட்டியதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் பைக்கில் ஒருவரை இடித்து, அஜாக்கிரதையாக ஓட்டியதாகப் பதிவாகியிருந்தால் அது கிரிமினல் வழக்கு. கோர்ட்டில் ‘ஒப்புக்கொள், சின்ன அபராதத்தோடு முடிந்துவிடும்’ என்று யாராவது சொன்னால், வக்கீலிடம் கேட்காமல் தலையாட்டாதீர்கள். ஒப்புக்கொண்டால் அது தண்டனை. 18 வயதுக்கு முன் நடந்த சம்பவம் என்றால் சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு பாதுகாப்பு தருகிறது, மிகக் கொடிய குற்றங்கள் நீங்கலாக. மறைக்காதீர்கள் என்பதை மட்டும் திரும்பவும் சொல்கிறேன்.

நான் இங்கிலீஷ் மீடியம். தமிழ் தகுதித் தேர்வு மார்க் மொத்த மதிப்பெண்ணில் சேராது என்பதால் படிக்காமல் விடலாமா? (வாசகர், கோவை)

80-க்கு 32 எடுக்காவிட்டால் உங்கள் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். படியுங்கள்.

டிகிரி முடித்துவிட்டேன். காவலர் தேர்வு எழுதுவதா, எஸ்.ஐ. தேர்வுக்குக் காத்திருப்பதா? (வாசகி, நாமக்கல்)

காத்திருக்காதீர்கள் அம்மா, இரண்டையும் எழுதுங்கள். எஸ்.ஐ. அறிவிப்பு வருஷா வருஷம் வரும் என்று நம்பி உட்கார முடியாது. எழுத்துத் தேர்வுக்கான படிப்பு பாதிக்கு மேல் இரண்டுக்கும் பொது. காவலராகச் சேர்ந்து சில வருஷம் சர்வீஸ் ஆனால், எஸ்.ஐ. தேர்வில் துறையினருக்கான 20 சதவீத ஒதுக்கீட்டிலும் போட்டியிடலாம்.

1500 மீட்டர் ஓட எட்டு நிமிஷம் ஆகிறது. என்ன செய்வது? (வாசகர், சிவகங்கை)

ஏழு நிமிஷத்துக்குள் வர வேண்டும். 400 மீட்டர் டிராக்கில் கிட்டத்தட்ட நாலு சுற்று, சுற்றுக்கு ஒரு நிமிஷம் 50 விநாடி. பலரும் தோற்பது முதல் சுற்றில்தான். பக்கத்தில் ஓடுகிறவனைப் பார்த்து ஒன்றேகால் நிமிஷத்தில் அதை முடித்துவிட்டு, மூன்றாவது சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கையில் கடிகாரம் கட்டிக்கொண்டு, எல்லாச் சுற்றையும் ஒரே நேரத்தில் முடிக்கப் பழகுங்கள். வாரத்தில் இரண்டு நாள் நிதானமாக நாலைந்து கிலோமீட்டர் ஓடுங்கள். இந்த ஓட்டத்துக்கு மார்க் கிடையாது, தேறினால் போதும். மார்க் இருப்பது கயிறு, தாண்டுதல், குறுந்தூர ஓட்டம் மூன்றிலும் சேர்த்து 24. கயிற்றில் ஆறு மீட்டர் ஏறினால் இரண்டு ஸ்டார், அதாவது மேல்நிலை மார்க். கைபலத்தை மட்டும் நம்பாமல், கயிற்றைக் காலால் பூட்டிக்கொண்டு உந்தக் கற்றுக்கொள்ளுங்கள்.

பெண்களுக்கும் கயிறு ஏறுதல் உண்டா? (வாசகி, கடலூர்)

இல்லை. நீளம் தாண்டுதல், பந்து அல்லது குண்டு எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். அறிவிக்கையிலேயே அட்டவணை இருக்கிறது, தயவுசெய்து பாருங்கள்.

மூன்று லட்சம் கொடுத்தால் லிஸ்டில் பெயர் வரும் என்கிறார் ஒருவர். வீட்டில் நகையை அடகு வைக்கலாம் என்கிறார்கள். (பெயர் வேண்டாம்)

கொடுக்காதீர்கள். எழுத்துக்கு 70, உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுக்கு 6 என்று மொத்தம் 100. இதில் புரோக்கர் வாங்கித் தருகிற மார்க் எதுவும் இல்லை. பத்துப் பேரிடம் வாங்கினால், சொந்த உழைப்பில் ஒருவராவது தேறுவார். அவரைக் காட்டி அடுத்த வருஷமும் வசூலிப்பார்கள். பணம் கொடுத்தது தெரிந்தால் உங்கள் மேலும் வழக்கு வரும். அப்புறம் மேலே தேனிக்காரருக்குச் சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

என்.எஸ்.எஸ். சான்றிதழைக் கடைசித் தேதிக்கு அப்புறம் வாங்கிக் கொடுக்கலாமா? (வாசகர், வேலூர்)

முடியாது. கடைசித் தேதிக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கல்லூரியில் நாளைக்கே போய்க் கேளுங்கள்.