மாமியாருக்குத் தெரிந்துவிட்டது!

கேள்வி: நான்கு ஆண்டுகளாக மாடித்தோட்டம் பற்றி வலைப்பூ எழுதி வருகிறேன். வேலைப்பளு கூடிவிட்டதால், சில மாதங்களாகக் குறிப்புகளை மட்டும் கொடுத்து ஏஐ-யிடம் எழுதி வாங்குகிறேன். 'இயல்பாக எழுது', 'சுவையாக எழுது' என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். கத்தரிக்காயைப் பற்றிக் கேட்டாலும் 'இன்றைய பரபரப்பான உலகில் மாடித்தோட்டம் என்பது வெறும் பொழுதுபோக்கு அல்ல' என்றே ஆரம்பிக்கிறது. போன வாரம் என் மாமியார் படித்துவிட்டு, "இதை நீ எழுதவில்லையே?" என்று கேட்டுவிட்டார். என்ன செய்யலாம்? — வாசகி, திருச்சி

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்கு என் வணக்கம். இப்படிப்பட்ட வாசகர் எனக்கு ஒருவர் கிடைத்தால் போதும்.

புதிதாக வந்த சமையல்காரரிடம் "ருசியாகச் செய்யுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தலையாட்டிவிட்டுத் தன் கைக்குப் பழகிய சாம்பாரைத்தான் வைப்பார். உங்கள் வீட்டுச் சாம்பார் வேண்டுமென்றால் ஒரு கரண்டி எடுத்து அவர் உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். 'சுவை', 'இயல்பு' என்ற சொற்களைக் கேட்டதும் ஏஐ, தான் படித்த கோடிக்கணக்கான பக்கங்களில் அதிகம் தென்பட்ட நடையைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் 'பரபரப்பான உலகம்' அங்கிருந்துதான் வருகிறது.

ஆகவே மாதிரியைக் காட்டுங்கள். இது ஒன்றும் ரகசியமில்லை. 2020இல் ஓப்பன்ஏஐ நிறுவன ஆய்வாளர்கள், ஜிபிடி-3 என்ற தங்கள் ஏஐ பற்றி வெளியிட்ட கட்டுரையின் மையச் செய்தியே இதுதான்: சில மாதிரிகளைக் கேள்வியோடு சேர்த்துக் கொடுத்தாலே போதும், மறுபயிற்சி இல்லாமலே ஏஐ அதே பாணியில் வேலையைத் தொடரும். இதனால் ஏஐ-யின் உள்ளே எதுவும் மாறுவதில்லை என்பதால், புதிய உரையாடலைத் தொடங்கினால் பெரும்பாலும் மாதிரிகளை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பழைய பதிவுகளை அப்படியே ஒட்டினாலே ஓரளவு பலன் உண்டு. ஆனால் நான் பரிந்துரைப்பது ஜோடி மாதிரி: குறிப்பு ஒரு பக்கம், அதிலிருந்து நீங்கள் எழுதியது மறுபக்கம். உதாரணமாக:

குறிப்பு: செம்பருத்தியில் மாவுப்பூச்சி. பழைய பல் பிரஷ். வேப்பெண்ணெய் 5 மில்லி, தண்ணீர் ஒரு லிட்டர், சோப்புக் கரைசல் சில துளி. மாலையில் தெளித்தேன்.

பதிவு: செம்பருத்தி மொட்டுகளுக்கு யாரோ பஞ்சு சுற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தால், பஞ்சு நகர்கிறது. பழைய பல் பிரஷை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்...

இப்படி மூன்று ஜோடி. நான்காவதாக, தக்காளி இலைச் சுருட்டையைப் பற்றிய புதிய குறிப்பை வைத்து, 'பதிவு:' என்று எழுதி நிறுத்திவிடுங்கள். குறிப்பில் எதை முதலில் எடுத்தீர்கள், எதை விட்டீர்கள், அளவை எங்கே சொன்னீர்கள் என்பதையெல்லாம் அது ஜோடிகளைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளும். வெறும் பதிவை மட்டும் பார்த்தால் இந்தத் தேர்வு அதற்குத் தெரியாது.

மாதிரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம். நான் ஒருமுறை மூன்று பத்திகளைக் கொடுத்தேன். மூன்றும் மழையில் தொடங்கியவை என்பதை அப்போது கவனிக்கவில்லை. பிறகு மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்டபோதும் மழை, பல்வலியைப் பற்றிக் கேட்டபோதும் மழை! எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாக எது இருக்கிறதோ அதையே அது உங்கள் நடை என்று எடுத்துக்கொள்ளும். எனவே ஒன்று பூச்சியைப் பற்றி, ஒன்று அறுவடையைப் பற்றி, ஒன்று நீங்கள் தோற்றுப்போன பயிரைப் பற்றி இருக்கட்டும். தொடக்கமும் நீளமும் வேறுபடட்டும், குரல் மட்டும் ஒன்றாக இருக்கட்டும். ஏஐ எழுதிய பதிவு எதையும் தப்பித் தவறியும் மாதிரியாக வைத்துவிடாதீர்கள்.

வரிசையும் பார்க்க வேண்டிய ஒன்று. ஜிபிடி-3ஐ வைத்து 2021இல் நடந்த ஓர் ஆய்வில், கடைசியாக வைத்த மாதிரியின் விடைப் பக்கமே அது அதிகம் சாய்வது தெரிந்தது. அந்தச் சோதனை கட்டுரை எழுதச் சொன்னதல்ல என்றாலும், உங்களுக்கு மிகவும் பிடித்த பதிவைக் கடைசியில் வைப்பதால் நஷ்டமில்லை.

ஓர் எச்சரிக்கை. மாதிரியிலிருந்து அது கற்றுக்கொள்வது நடையை. விவரத்துக்கு அது பொறுப்பில்லை. இலைச் சுருட்டை நச்சுயிரியை வெள்ளை ஈ பரப்புகிறது, முற்றிலும் சுருண்டுவிட்ட செடியைப் பிடுங்கிவிடுவதே மேல் என்பதெல்லாம் உங்கள் குறிப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், உங்கள் குரலிலேயே ஏதாவது ஒரு மருந்தின் பெயரை அடித்துவிடும். வாசகர்களும் நீங்கள் சொன்னதாக நம்பித் தெளித்துவிடுவார்கள். 'குறிப்பில் இல்லாத அளவு, பெயர், அனுபவம் எதையும் சேர்க்காதே' என்று ஒரு வரி போடுங்கள். போட்ட பிறகும் சரிபாருங்கள். முக்கியமாக, நீங்கள் பார்க்காத அணிலைப் பார்த்ததாக எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

முதல் பதிவு வந்ததும் வெளியிடும் முன் மாமியாரிடம் கொடுங்கள். பக்கத்தில் ஒரு பென்சிலும் வையுங்கள். எந்த வரியில் அவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாரோ, அந்த வரியை நீங்களே திருத்தி எழுதி, அடுத்த முறை அதையே மாதிரியாகக் கொடுங்கள்.